தையல்காரர் மகன் போட்ட கணக்கு

செல்போனில் போட்டோ எடுக்கிறோம். அடுத்த நிமிடமே அது கடல் கடந்து போய்விடுகிறது. இதற்கு உதவும் கணக்குக்கு வித்திட்டவர் ஒரு பிரெஞ்சுக்காரர். அவர் அதை எழுதிய 1807-ல் உலகில் காமிரா போட்டோவே கிடையாது!

அவர்தான் ஜோசப் பூரியே.

அனாதைச் சிறுவன்

பிரான்சு நாட்டில் ஒசேர் என்ற ஊரில், 1768-ம் ஆண்டு மார்ச் 21-ந் தேதி பூரியே பிறந்தார். தகப்பனார் தையல்காரர். பூரியே சிறுவனாக இருந்தபோதே தாய், தகப்பன் இருவரும் இறந்துவிட்டார்கள்.

பாதிரிமார் நடத்திய ராணுவப் பள்ளியில் அவருக்கு இடம் கிடைத்தது. கணக்கு என்றால் அவருக்கு உயிர். எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளைச் சேர்த்துவைத்து, மற்றவர்கள் தூங்கிய பிறகு மறைவாக உட்கார்ந்து கணக்குப் போடுவாராம்.

பீரங்கிப் படையில் சேர ஆசைப்பட்டார். பிரபு குலத்தில் பிறக்காதவர் என்று மறுத்துவிட்டார்கள்.

மரணத்தின் வாசலில்

பிரெஞ்சுப் புரட்சி மூண்டது. பூரியே தம் ஊர்ப் புரட்சிக் குழுவில் சேர்ந்தார். அந்தப் புரட்சியே 1794-ல் அவரைச் சிறையில் தள்ளியது. தலைகள் உருண்டுகொண்டிருந்த நேரம் அது. ரோபஸ்பியர் வீழ்ந்ததால் பூரியே உயிர் தப்பினார்.

1798-ல் நெப்போலியனுடன் எகிப்துக்குப் போனார். திரும்பி வந்ததும், 1802-ல் கிரனோபிள் நகரில் நம் ஊர் கலெக்டர் போன்ற பதவி கிடைத்தது. சதுப்பு நிலங்களை வற்றவைத்தார். மலைப்பாதை போட்டார்.

மேதை மறுத்தார்

ஓய்வு நேரத்தில், ஒரு பொருளில் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்தார். எவ்வளவு கோணல்மாணலான வடிவமானாலும், அதை எளிய அலைகளின் கூட்டுத்தொகையாக எழுதிவிடலாம் என்று கண்டார்.

1807-ல் இதை எழுதிப் பாரீஸ் அறிஞர் சபைக்கு அனுப்பினார். மாபெரும் கணித மேதை லக்ராஞ்சு ஏற்க மறுத்தார். கட்டுரை அச்சேறவில்லை. 1812-ல் சபை பரிசு கொடுத்தது. கூடவே குறையும் சொன்னது. பூரியே தளரவில்லை. 1822-ல் புத்தகமாகவே கொண்டுவந்தார். 1830-ம் ஆண்டு மே 16-ந் தேதி பாரீசில் காலமானார்.

படம் சுருங்கும் விதம்

அந்த அலைக் கணக்கின் வழிவந்த ஒரு முறையை 1974-ல் நசீர் அகமது, நடராஜன், ராவ் ஆகிய மூவர் வெளியிட்டார்கள். நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர். 1992-ல் வந்த ஜேபெக் என்ற பட வகைக்கு அதுவே உயிர்நாடி.

ஒரு கோடியே 20 லட்சம் புள்ளிகள் கொண்ட வண்ணப்படத்தை அப்படியே எழுதினால், புள்ளிக்கு மூன்று வீதம் 3 கோடியே 60 லட்சம் எண்கள் வேண்டும். ஜேபெக் என்ன செய்கிறது? படத்தை 64 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு கட்டத்தையும் அலைகளாகப் பிரிக்கிறது. கண்ணுக்கு எட்டாத நுண்ணிய அலைகளைத் தள்ளிவிடுகிறது. படம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்!

ஆனால், தள்ளியது தள்ளியதுதான், திரும்பி வராது. திருத்தித் திருத்திச் சேமித்தால் படம் மேலும் கெடும். எனவே மூலப் படத்தைப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது.

எழுத்துக்கும் கோட்டுப் படத்துக்கும் 1996-ல் வந்த பிஎன்ஜி ஏற்றது. அது எதையும் தள்ளாமல் சுருக்கும். 1987-ல் வந்த ஜிப் வகையும் அப்படித்தான். ஆனால் ஒரு படத்தில் 256 நிறங்களுக்கு மேல் தாங்காது.

பிரபு குலம் இல்லை என்று பீரங்கிப் படை ஒதுக்கிய தையல்காரர் மகனின் கணக்கு, இன்று ஏழை பணக்காரர் எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கிறது.