இரண்டாமவராக வந்த வீரர்

ஓட்டப் பந்தயத்தில் முதலில் வருபவரையே உலகம் கொண்டாடுகிறது. இரண்டாமவராக வந்த ஒருவரின் வாழ்க்கையை நாம் இங்கு நினைவுகூர விரும்புகிறோம். அவரே இங்கிலாந்து நாட்டுப் பிலிப் நோயல் பேக்கர்.

1889-ஆம் ஆண்டு லண்டனில், குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சார்ந்த குடும்பத்தில் பிறந்த இவர், கேம்பிரிட்ஜில் பயின்றார். 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர் இறுதிப் பந்தயத்தில் ஓடினார், பதக்கம் கிட்டவில்லை. இரண்டாண்டுகளில் பெரும் போர் மூண்டது. கொல்லாமையை நெறியாகக் கொண்ட இவர் ஆயுதம் ஏந்த மறுத்தார். ஆயினும் ஆபத்துக்கு அஞ்சி ஒதுங்கினாரில்லை. பிரான்சிலும் இத்தாலியிலும் காயமுற்றோரைப் போர்முனையிலிருந்து மீட்கும் ஆம்புலன்ஸ் படையில் தொண்டாற்றினார்.

1920-இல் ஆன்ட்வெர்ப் நகரில், தம் முப்பதாம் வயதில், அதே 1,500 மீட்டரில் தம் அணியினரான ஆல்பர்ட் ஹில்லுக்கு அடுத்தவராக வந்து வெள்ளிப் பதக்கம் பெற்றார்.

பின்னர் சர்வதேச சங்கத்திலும் பிரிட்டிஷ் பாராளுமன்றத்திலும் ஆயுதக் குறைப்புக்காக அயராது பாடுபட்டார். அவர் கண்முன்னேயே இரண்டாம் உலகப் போர் மூண்டது, அணுகுண்டும் வெடித்தது. அவரோ மனம் தளரவில்லை. 1958-இல் ஆயுதப் போட்டியைப் பற்றி அரியதொரு நூல் வெளியிட்டார். மறு ஆண்டே சமாதானத்திற்கான நோபல் பரிசு அவரை நாடி வந்தது. ஒலிம்பிக் பதக்கமும் நோபல் பரிசும் ஒருங்கே பெற்றவர் இவர் ஒருவரே.

1982-இல், 92-ஆம் வயதில் அவர் மறைந்தபோதும் ஆயுதங்கள் குறைந்தபாடில்லை. அந்த ஓட்டத்தின் எல்லைக்கோட்டை அவர் காணவில்லை. ஆயினும் ஓடுவதை நிறுத்தவுமில்லை. வென்றவர் கதைகளோடு இவர் கதையையும் நம் குழந்தைகளுக்குச் சொல்வோமாக.