ஒளியை வரைந்த ஓவியர்

தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல் அருவியில், நீர் பாறைமீது மோதித் துளிகளாய்ச் சிதறும்பொழுது, கதிரவன் ஒளி அத்துளிகளிற் பட்டு வானவில்லாய் விரிதலைக் காணலாம். வெண்மையாய்த் தோன்றும் ஒளிக்குள் இத்துணை வண்ணங்கள் மறைந்திருத்தல் வியப்பன்றோ! அருவி புரியும் அவ்விந்தையைத் தாளின்மீது புரிய முயன்ற பெரியார் ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். அவரே வங்கம் ஈன்ற ஓவியர் ககனேந்திரநாத தாகூர். ககனம் என்னும் சொல்லுக்கு வானம் என்பது பொருள். அப்பெயர் அவருக்கு மிகவும் பொருந்துவதாயிற்று.

ககனேந்திரநாதர் 1867 ஆம் ஆண்டில் கல்கத்தா நகரின் ஜோராசாங்கோ என்னும் பகுதியில் பிறந்தார். கவியரசர் இரவீந்திரநாதர் அவருக்குச் சிறிய தந்தை முறையினர்; ஓவியர் அவனீந்திரநாதர் உடன்பிறந்த இளவல். ககனேந்திரநாதர் பதினான்காம் வயதிலேயே தந்தையை இழந்தார். ஆதலின் குடும்பப் பொறுப்பு இளமையிலேயே அவர் தோள்மீது ஏறிற்று. ஓவியத்தில் விருப்பம் இருந்தும், அதற்கே தம்மை ஒப்படைக்கும் வாய்ப்பு அவருக்கு நெடுநாள் கிட்டவில்லை.

1905 ஆம் ஆண்டில் அவருடைய மூத்த மகன் இளம்பருவத்திலேயே உயிர்நீத்தான். தந்தை துயரக்கடலுள் ஆழ்ந்தார். அக்கடலைக் கடத்தற்கு அவருக்குப் புணையாய் வாய்த்தது தூரிகையே ஆகும். முப்பத்தெட்டு வயதை எய்திய பின்னரே அவர் ஓவியத்தில் முழுமனத்துடன் ஈடுபட்டார். கல்கத்தாவுக்கு வந்திருந்த ஜப்பானிய ஓவியர்களிடம் கண்ட முறையைத் தழுவி, கருமை ஒன்றே கொண்டு காக்கைகளை உயிர்த்துடிப்புடன் தீட்டினார்.

பின்னர் அவருடைய உள்ளம் ஒளியை நாடிற்று. துர்க்கையின் திருவுருவை நீரில் விடுதற்கு இரவில் எடுத்துச் செல்லும் ஊர்வலத்தை அவர் வரைந்தார். அதில் மக்களின் முகங்கள் தெளிவாகத் தோன்றா. இருளும், அவ்விருளைப் பிளக்கும் விளக்கொளியுமே நம் கண்ணைக் கவரும். இமயத்துக் கஞ்சன்சங்கா முடியையும் அவர் தீட்டினார்.

அக்காலத்தில் ஐரோப்பாவில் பிக்காசோ, பிராக் முதலியோர் கியூபிசம் என்னும் கனவடிவ ஓவிய முறையைத் தோற்றுவித்திருந்தனர். ஒரு பொருளைப் பல பக்கங்களிலிருந்தும் நோக்கி, அக்காட்சிகளை ஒரே பரப்பில் அமைத்தல் அம்முறையின் இயல்பு. 1920-க்குப் பின் ககனேந்திரநாதர் அதனைத் தமக்கேற்ப மாற்றிக்கொண்டார். அவர்கள் பொருளை உடைத்தனர். இவரோ ஒளியை உடைத்தார். முப்பட்டைக் கண்ணாடியினூடே சிதறிய கதிர்களைப் போல, மாடங்களும் படிக்கட்டுகளும் வாயில்களும் அவர் படங்களில் ஒளித்துண்டுகளாய் அடுக்கி நிற்கும். அவற்றினிடையே கதைகளில் வரும் மாயமாளிகையின் மறைபொருள் ஒன்று குடிகொண்டிருக்கும்.

1922 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் கல்கத்தாவில் ஓர் ஓவியக் கண்காட்சி நடைபெற்றது. செருமனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியைச் சார்ந்த காண்டின்ஸ்கி, பால் கிளே முதலியோரின் படைப்புகள் அங்கு வைக்கப்பெற்றன. அவற்றோடு ககனேந்திரநாதரின் புதுமுறை ஓவியங்களும் இடம்பெற்றன. அப்பொழுது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. மேனாட்டாரைப் பார்த்துச் செய்தார் என அவரைப் பழித்தோரும் உளர். பிறரிடம் கற்றல் இழிவன்று. கற்றதனைத் தமதாக்கிக் கொள்ளாமையே இழிவு. ககனேந்திரநாதரோ கற்றதனைத் தமதாக்கிக் கொண்டவர்.

1930 ஆம் ஆண்டில் வாதநோய் அவரைத் தாக்கிற்று. கையும் நாவும் செயலிழந்தன. ஒளியோடு விளையாடிய தூரிகை ஓய்ந்தது. எட்டு ஆண்டுகள் அந்நிலையில் வாழ்ந்து, 1938 ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவருடைய ஓவியங்கள் கொல்கத்தா, தில்லி ஆகிய நகரங்களின் கலைக்கூடங்களில் இன்றும் காக்கப்பெறுகின்றன.

மாணவர்களே! துன்பம் வந்துழித் தளராமையும், முதிர்ந்த பருவத்தும் புதியன கற்க நாணாமையும் அப்பெரியாரின் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடங்கள் ஆகும். அருவி பாறையில் மோதுவதாலன்றோ வானவில் பிறக்கின்றது!