கரும்பு வெட்டிய அமைச்சர்

பொத்தேரி ரயில் நிலையத்திலே மாலை வண்டி வந்து நிற்கும்போது, இறங்கி வரும் இளைஞர் கூட்டத்தில் அந்த முகத்தைப் பனியனிலே தாங்கி வருவோரை நாம் பார்த்திருக்கிறோம். நட்சத்திரம் பதித்த தொப்பி, சீவாத தாடி, எங்கோ தொலைவை நோக்கும் கண்கள். ஆட்டோவின் முதுகிலும் அந்த முகம் உண்டு. முடிதிருத்தும் கடையின் சுவரிலும் உண்டு. யாரப்பா இவர் என்று கேட்டால், சே குவேரா என்பார்கள். என்ன செய்தார் என்று கேட்டால், துப்பாக்கி ஏந்திப் போராடினார் என்பார்கள். அதற்குமேல் பேச்சு வளராது.

துப்பாக்கி ஏந்தியது உண்மைதான். ஆனால் அதே மனிதர் ஒரு நாட்டின் வங்கித் தலைவராக அமர்ந்தார், தொழில் அமைச்சராக இருந்தார், கணக்கேடுகளோடு கண் விழித்தார், ஞாயிற்றுக்கிழமைகளில் கரும்பு வெட்டப் போனார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஆட்சியைப் பிடிப்பது ஒரு வேலை. பிடித்த ஆட்சியைக் கொண்டு, உழைப்பவன் வீட்டு அடுப்பிலே பூனை உறங்காமல் பார்த்துக் கொள்வது வேறொரு வேலை. முன்னதிலே வென்றவர் பலர். பின்னதிலே அவர் வென்றாரா, தோற்றாரா? தோழர்கள் அறிந்து கொள்ள வேண்டிய கதை அதுவே!

1928 ஜூன் 14 அன்று, தென்னமெரிக்காவின் அர்ஜென்டினாவில் ரொசாரியோ நகரிலே பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் எர்னஸ்டோ. இரண்டு வயதிலேயே இரைப்பு நோய் பற்றிக் கொண்டது. சாகும் வரை விடவில்லை. மூச்சு முட்டும் பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் பாடம் சொன்னவர் தாய் செலியா. படுக்கையிலே கிடந்த நாட்களில் புத்தகம் துணையாயிற்று. எழுந்து நடமாடிய நாட்களில் அந்த நோயாளிப் பிள்ளை ரக்பி ஆட மைதானத்துக்கு ஓடிற்று.

மருத்துவம் படித்தார். படிப்பு முடியுமுன்பே, 1952இல், நண்பர் அல்பெர்ட்டோ கிரனாடோவுடன் பழைய மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். வண்டி சிலி நாட்டிலேயே உயிரை விட்டது. பிறகு நடந்தும், லாரியில் தொற்றியும் பயணம். அமெரிக்கக் கம்பெனியின் தாமிரச் சுரங்கத்தைக் கண்டார். சுரங்கத் தொழிலாளியின் வறண்ட நெஞ்சையும் கண்டார். பெரு நாட்டில் அமேசான் கரையிலிருந்த தொழுநோயர் குடியிருப்பில் தங்கி, பிறர் தொடவும் கூசியவர்களோடு கைகுலுக்கினார், பந்தாடினார். 1953இல் டாக்டர் பட்டம் கைக்கு வந்தது. மருந்துக் கடை வைத்தா தீரும் இந்த நோய் என்ற கேள்வியும் நெஞ்சிலே வந்து தங்கிற்று.

விடையைக் குவாதமாலாவிலே தேடினார். அங்கே ஆர்பென்ஸ் என்ற தலைவர், மக்கள் வாக்கினால் ஆட்சிக்கு வந்தவர், பயிரிடாமல் கிடந்த பெருநிலங்களை எடுத்து உழவருக்குக் கொடுத்தார். அந்த நிலங்களிலே ஒரு பகுதி யுனைடெட் புரூட் கம்பெனி என்ற அமெரிக்க வாழைப்பழ வாணிகருடையது. விடுவார்களா? 1954 ஜூனில், அமெரிக்க உளவுத்துறையின் ஏற்பாட்டிலே வந்த கூலிப்படை, வாக்குச் சீட்டினால் வந்த ஆட்சியைக் கவிழ்த்தது. அதை நேரிலே கண்டவர் இந்த இளம் மருத்துவர். வாக்குச் சீட்டின் மேல் அவருக்கு நம்பிக்கை போனது அங்கேதான்.

அடுத்த ஆண்டு மெக்சிகோவிலே பிடல் காஸ்ட்ரோவைச் சந்தித்தார். பேச்சுக்குப் பேச்சு நம் ஊர்ப் பிள்ளைகள் மச்சி என்பது போல, அர்ஜென்டினாக்காரர் வாயிலே சே என்ற சொல் வந்து விழும். கியூபாத் தோழர்கள் அதையே அவருக்குப் பெயராக்கினார்கள்.

கியூபா எப்படிப்பட்ட நாடு? கரும்புத் தீவு! படாளம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வண்டிகள் வரிசை கட்டிப் போவதை நம்மவர் பார்த்திருக்கிறார்கள். ஒரு நாடு முழுவதுமே அப்படியொரு வரிசையில் நின்றது என்று வைத்துக் கொள்ளுங்கள். வெட்டு நடக்கும் மூன்று நான்கு மாதங்களுக்குத்தான் வேலை. மீதி மாதங்களைச் செத்த காலம் என்றே அந்த மக்கள் அழைத்தனர். பெரிய ஆலைகளில் பல அமெரிக்கருடையவை. மின்சாரமும் தொலைபேசியும் அமெரிக்கக் கம்பெனிகளுடையவை. விளைந்த சர்க்கரையை வாங்கும் பெரிய வாடிக்கையாளரும் அமெரிக்காவே. ஆண்டது 1952இல் படையின் துணையோடு நாற்காலியைப் பிடித்த பாடிஸ்டா. ஹவானாவிலே சூதாட்ட மாளிகைகள். சிற்றூரிலே ஓலைக் குடிசைகள். கரும்புத் தோட்டத்தின் கண்ணீர் தமிழனுக்குப் புதிதா? பிஜித் தீவுக்கும் நேட்டாலுக்கும் கப்பல் ஏறிய நம்மவர் சிந்திய கண்ணீர்தான். அங்கே சிந்தியவர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் பேரப்பிள்ளைகள். அடிமை முறை அந்தத் தீவிலே சட்டப்படி ஒழிந்ததே 1886இல்தான்.

1956 டிசம்பர் 2 அன்று கிரான்மா என்ற சிறு படகில் 82 பேர் கரை சேர்ந்தனர். சில நாட்களிலேயே பெரும்பாலோர் கொல்லப்பட்டனர், பிடிபட்டனர். ஏறத்தாழ 20 பேரே மலையேறி மீண்டும் கூடினர். மருத்துவராக வந்த சே, படைத்தலைவரானார். 1958 டிசம்பர் முடிவில் சாந்தா கிளாரா நகரில் அவர் படை இராணுவ ரயிலைக் கவிழ்த்தது. 1959 பிறந்த இரவிலேயே பாடிஸ்டா நாட்டை விட்டு ஓடினார். போர்க்கதை இவ்வளவே. திரைப்படம் எடுப்போர் இதோடு முடித்து விடுவர். நமக்குக் கதை இனிமேல்தான்.

1959 மே 17 அன்று நிலச் சட்டம் வந்தது. ஒருவர் கையில் ஏறத்தாழ 1,000 ஏக்கருக்கு மேல் இருக்கலாகாது என்றது. உச்சவரம்பு என்ற சொல் நமக்கும் தெரியும். வரம்பு சட்டத்திலே இருக்க, நிலம் பினாமியிலே இருப்பதும் தெரியும்! கியூபாவிலே நிலம் உண்மையாகவே கைமாறியது. வாடகை குறைக்கப்பட்டது. 1961இல் நூறாயிரம் மாணவர்கள் விளக்கும் பாடநூலும் ஏந்திச் சிற்றூர்களுக்குப் போய், 7 லட்சம் பேருக்கு எழுதப் படிக்கக் கற்றுத் தந்தனர். எழுத்தறியாதோர் நூற்றுக்கு 23 என்ற நிலை மாறி 4 ஆயிற்று. ஓராண்டிலே!

1959 கோடையில், புதிய ஆட்சிக்கு வாணிக நண்பர்களைத் தேடி உலகைச் சுற்றினார் சே. ஜூலையில் டில்லி வந்து நேருவைச் சந்தித்தார், கல்கத்தாவும் போனார். ஆகஸ்டில் இலங்கைக்குச் சென்று, ஹொரணைக்கு அருகே யஹலகெலே ரப்பர் தோட்டத்தில் ஒரு மகோகனிக் கன்றை நட்டார். தேயிலையையும் ரப்பரையும் நம்பிய இலங்கைக்கும், சர்க்கரையை நம்பிய கியூபாவுக்கும் நோய் ஒன்றே. அந்தத் தேயிலை மலைகளைத் திருத்திய தமிழ்த் தொழிலாளருக்கு 1948இலேயே குடியுரிமை பறிபோயிருந்தது. தோட்டம் செழித்தால் தோட்டக்காரன் செழிப்பான் என்பது எவ்வளவு பெரிய பொய்!

திரும்பி வந்ததும், நவம்பரில், தேசிய வங்கியின் தலைமை அவரிடம் வந்தது. பணத் தாளிலே சே என்று கையொப்பம். பதவிக்குரிய பெரிய சம்பளத்தை ஒதுக்கி, படைத்தளபதிக்குரியதையே பெற்றார். தமக்குக் கணக்குப் போதாது என்று கண்டு, ஆசிரியர் வைத்துக் கணிதம் பயின்றார். பதவி வந்ததும் எல்லாம் தெரிந்துவிட்டதாக நடப்போரைப் பார்த்துப் பழகிய நமக்கு, இது வியப்பாகவே இருக்கும்.

1960இல் மோதல் முற்றியது. சோவியத் எண்ணெயைச் சுத்திகரிக்க மாட்டோம் என்றன வெளிநாட்டு ஆலைகள். அவற்றைக் கியூபா எடுத்துக் கொண்டது. அமெரிக்கா சர்க்கரை வாங்குவதை வெட்டியது. கியூபா அமெரிக்கக் கம்பெனிகளையே நாட்டுடைமையாக்கியது. அக்டோபரில் வாணிகத் தடை வந்தது. 1961 பிப்ரவரியில் சே தொழில் அமைச்சரானார். பொறியாளரும் மேலாளரும் மயாமிக்குப் பறந்திருந்தனர். உதிரிப் பாகம் வராது. இருந்த இயந்திரத்தைத் தொழிலாளிகள் தாமே ஒட்டுப் போட்டு ஓட்டினர். அமைச்சர் அலுவலகத்தில் நள்ளிரவு வரை விளக்கெரியும். விடுமுறை நாளிலே அவர் கரும்புக் காட்டிலோ, துறைமுகத்திலோ மூட்டையோடு நிற்பார். மூச்சு இரைக்கும், மருந்துக் குழலை வாயில் வைத்து இழுத்துவிட்டு மீண்டும் கத்தியை எடுப்பார்.

இவ்வளவு உழைத்தும் என்ன ஆயிற்று? இதையும் ஒளிக்காமல் சொல்வோம். சர்க்கரைச் சங்கிலியை ஒரே வெட்டில் அறுத்து, எல்லாப் பொருளையும் நாமே செய்வோம் என்று திட்டமிட்டார். ஆலைகள் வந்தன, மூலப்பொருள் வரவில்லை. பொருளை வாங்கும் விலைக்கு, அதன் மூலப்பொருளை வாங்க வேண்டியதாயிற்று. கரும்பைக் கவனியாமல் விட்டதால், 1961இல் 68 லட்சம் டன்னாக இருந்த சர்க்கரை, 1963இல் 38 லட்சமாகச் சரிந்தது. 1962இல் பங்கீட்டு அட்டை வந்தது. தவறு நேர்ந்தது என்று வெளிப்படையாகவே ஒப்புக் கொண்டார் சே. நாடு மீண்டும் கரும்புக்கே திரும்பிற்று.

தொழிலாளி கூடுதல் கூலிக்காக அன்றி, கடமை உணர்ச்சிக்காக உழைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. தாம் அப்படியே வாழ்ந்தார். ஆனால், ஊரெல்லாம் துறவியாகுமா? பிள்ளைக்குப் பால் வாங்கக் காசு வேண்டும் என்பவனை உணர்ச்சி குறைந்தவன் என்று ஒதுக்கலாமா? நாம் அப்படி ஒதுக்க மாட்டோம். கூலி கேட்பது குற்றமன்று. அது உழைப்பவனின் உரிமை.

இன்னொரு நிழலும் உண்டு. 1959இல் லா கபானா கோட்டையிலே, பாடிஸ்டாவின் ஆட்கள் மீதான விசாரணைகளுக்குப் பொறுப்பு அவரிடம் இருந்தது. அவசர விசாரணை, உடனே மரண தண்டனை. எதிர்த்துப் பேசும் ஏடும் எதிர்த்து நிற்கும் கட்சியும் இல்லாத ஆட்சியாக அது வளர்ந்தது. குவாதமாலாவிலே வாக்குச் சீட்டு தோற்றதைக் கண்டவருக்கு அது சரியெனப் பட்டிருக்கலாம். மேடையும் ஏடும் வாக்குமே படைக்கலன்களாகக் கொண்ட நமக்கு அது சரியெனப் படாது.

1965 பிப்ரவரியில் அல்ஜியர்ஸ் நகரில் பேசியபோது, ஏழை நாடுகளிடம் வாணிகம் செய்யும் முறையிலே சோஷலிச நாடுகளும் சுரண்டலுக்கு உடந்தையாகின்றன என்று, உதவி செய்தவர் முகத்துக்கு நேராகவே இடித்துரைத்தார். அதன் பிறகு அமைச்சர் பதவியைத் துறந்தார். கியூபாக் குடியுரிமையையும் துறந்தார். மனைவி மக்களுக்குச் சொத்து எதுவும் வைக்காமல் புறப்பட்டார். காங்கோவிலே முயன்று தோற்றார். 1966 நவம்பரில் பொலிவியா புகுந்தார். அங்கே உழவர்கள் அவரோடு சேரவில்லை. அந்நாட்டுப் பொதுவுடைமைக் கட்சியும் கைகொடுக்கவில்லை. 1967 அக்டோபர் 8 அன்று பிடிபட்டார். மறுநாள், லா இகேரா சிற்றூரின் பள்ளிக்கூட அறையிலே சுட்டுக் கொன்றனர். வயது 39. கைகளை வெட்டியெடுத்து, உடலை மறைத்துப் புதைத்தனர். எலும்புகள் கிடைத்தது 30 ஆண்டுகள் கழித்து, 1997இல். சாந்தா கிளாராவிலே இன்று அவர் உறங்குகிறார். அவர் கொல்லப்பட்ட அதே 1967இல்தான், தமிழ்நாட்டிலே ஒரு துளி குருதி சிந்தாமல், வாக்குச் சீட்டினாலே ஆட்சி மாறிற்று என்பதையும் நினைவிலே கொள்ளுங்கள்.

அவர் விட்டுச் சென்ற தீவு என்ன ஆயிற்று? அமெரிக்காவை நம்பிய சர்க்கரை, சோவியத்தை நம்பிய சர்க்கரையாயிற்று. 1991இல் சோவியத் கலைந்தபோது கியூபாவின் வயிறு காய்ந்தது. அமெரிக்கத் தடையும் நீங்கவில்லை. 2021 ஜூலையில் உணவும் மருந்தும் கேட்டு மக்கள் தெருவுக்கு வந்தனர். பலர் சிறை சென்றனர். 2024 அக்டோபரில் நாடு முழுவதும் இருண்டது. கரும்புத் தீவே வெளியிலிருந்து சர்க்கரை வாங்கும் காலமும் வந்தது. ஆனால், கற்றுத் தந்த எழுத்து அழியவில்லை. வளர்த்த மருத்துவர்கள் ஏழை நாடுகள் பலவற்றிலே நோயாளியின் கட்டிலருகே நின்றார்கள். 

தோழர்களே! இது தொலைவிலுள்ள தீவின் கதை மட்டுமா? 2022இல் நம் மறைமலைநகரிலே போர்டு கார் ஆலையில் உற்பத்தி நின்றபோது, அந்த ஒரு வாயிலை நம்பியிருந்த சிறு பட்டறைகளும், வேன் ஓட்டுநர்களும், உணவு விடுதிகளும் பட்ட பாட்டை நாம் அறிவோம். ஒரே பயிர், ஒரே ஆலை, ஒரே வாடிக்கையாளர் என்று கட்டிய வாழ்வு, பிறன் கையெழுத்தில் தொங்கும் வாழ்வு. அதைக் கண்டு சே கொதித்தார், அது நியாயம். ஒரே நாளிலே மாற்ற முயன்றார், அது முடியவில்லை. பல தொழில், பல கைத்திறன், தொழிலாளிக்கு உறுதியான வேலை, அதைக் கேட்டுப் பெறச் சங்கம் என்று படிப்படியாகக் கட்டுவதே நம் வழி.

அந்த முகத்தைப் பனியனிலே அணியும் தம்பிமாரை நாம் தடுக்கவில்லை. அணியட்டும்! பதவியிலே இருந்தபோது அவர் வாங்க மறுத்த சம்பளத்தையும், வெட்டிய கரும்பையும், கற்ற கணக்கையும் சேர்த்து அறிந்து அணியட்டும். பதவி கேட்டு வரிசையிலே நிற்கும் நம் தோழர்கள் சிலரும் அவற்றை அறிந்து கொண்டால், கட்சிக்கும் நல்லது, நாட்டுக்கும் நல்லது.