மீண்டும் எடுத்த தூரிகை

பழைய விஞ்ஞானக் கற்பனைத் திரைப்படங்களின் சுவரொட்டிகளைப் பார்க்கையில், அவற்றை வரைந்தவர் யார் என்று தேடுவேன். அப்படி நான் அறிந்துகொண்டவரே ரெனோல்ட் பிரவுண்.

1917இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த இவர், இளமையில் சித்திரக்கதை வரைந்தார். அதை விட்டால்தான் சிறந்த ஓவியராகலாம் என்று பிரபல ஓவியர் நோர்மன் ரொக்வெல் அறிவுரை கூறினார். இரண்டாம் உலகப்போரின்போது விமானத் தொழிற்சாலையொன்றில் தொழில்நுட்பப் படங்கள் வரைந்தார். தம்மைப் போலவே ஓவியரான மேரி லூயிஸை அங்கே சந்தித்து மணந்தார்.

1954இல் வெளியான 'கிரியேச்சர் ஃப்ரொம் த பிளக் லகூன்' கறுப்பு வெள்ளைப் படம். ஆனால் பிரவுணின் சுவரொட்டியில் அந்த நீர்வாழ் பிராணி பச்சை நிறத்தில் உயிர்பெற்றது. வீதியில் போகிறவரை ஒரே ஓவியத்தால் நிறுத்திவிட வேண்டும். அதுவே அவர் பொறுப்பு. 1960இல் 'த டைம் மெஷின்' படத்துக்கும் வரைந்தார். மாணவர்களுக்கு ஓவியமும் கற்பித்தார்.

1976இல் பாரிசவாதம் அவரது இடப்பக்கத்தை முடக்கியது. தொழில்முறை ஓவியப் பணி அத்துடன் முடிந்தது. ஆயினும் மனைவியின் துணையோடு மெல்ல மெல்ல மீண்டும் வரையத் தொடங்கினார். விநோதப் பிராணிகள் இருந்த இடத்தில் இப்போது அமைதியான நிலக்காட்சிகள் வந்தன. 1991இல் காலமாகும் வரை வரைந்தார்.

சுவரொட்டிகளால் புகழ்பெற்றவர்தான். ஆனால் நோய்க்குப் பின் அவர் எடுத்த தூரிகையே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.