நீர்மேல் எழுதிய நங்கை

நிலையாமைக்கு நீர்மேல் எழுத்தை உவமை கூறுவது தமிழ் மரபு. ஆயினும், நீர்ப்பரப்பையே ஏடாகக் கொண்டு நிலைத்த புகழ் எழுதிய பெண்மணி ஒருவர் வாழ்ந்தார்.

அக்னஸ் பொக்கல்ஸ் 1862ஆம் ஆண்டு வெனிஸ் நகரிற் பிறந்தார். ஆஸ்திரியப் படையிற் பணிபுரிந்த தந்தையாரை மலேரியா வாட்டவே, 1871இல் குடும்பம் ஜேர்மனியின் பிறவுண்ஷ்வைக் நகரை அடைந்தது. அந்நோயின் கொடுமையை எம் வன்னி மூதாதையரும் நன்கறிந்திருந்தனர். பெண்களுக்கான நகரப் பள்ளியோடு அக்னசின் கல்வி முடிந்தது. பல்கலைக்கழகக் கதவு அக்காலத்திற் பெண்களுக்குத் திறக்கவில்லை; பின்னர்த் திறந்தபோதோ, பெற்றோரைப் பேணுங் கடன் அவரை வீட்டிலேயே நிறுத்தியது. தம்பி பிரீட்றிக் அனுப்பிய பௌதிக நூல்களே அவருக்கு ஆசிரியராயின.

எண்ணெய்ப் பாத்திரங் கழுவும் நீரை நாம் அனைவரும் நாள்தோறுங் காண்கிறோம். அவர் அதனை ஆராய்ந்தார். இருபது வயதளவில், தகரத் தொட்டியொன்றில் நீர் நிரப்பிக் குறுக்கே ஒரு தகரத் துண்டை இட்டார். அதனை நகர்த்தி நீர்ப்பரப்பைச் சுருக்கவும் விரிக்கவும் வகைசெய்தார். சிறு தட்டொன்றை நீரினின்றும் பிரிக்க வேண்டிய விசையைத் தராசிட்டுப் பரப்பிழுவையை அளந்தார். எண்ணெய்ப்பசை படிந்த பரப்பை ஓர் எல்லைவரை ஒடுக்கினும் இழுவை மாறவில்லை. அவ்வெல்லை கடந்ததும் விரைந்து வீழ்ந்தது.

1891இல் இம்முடிவுகளை ஆங்கில அறிஞர் றேலி பிரபுவுக்கு எழுதினார். அவர் மதித்து, அவ்வாண்டே நேச்சர் இதழில் அவை வெளிவரச் செய்தார். 1917இல் அமெரிக்கரான லாங்மியூர் அத்தகைய தொட்டியைக் கொண்டே காரணத்தை விளக்கினார். கொழுப்பமில மூலக்கூறுகள், நீரை விரும்பும் அமிலத் தலையை நீரில் அமிழ்த்தி, அதனை விரும்பா வாலை மேலே உயர்த்தி, நெருங்க நட்ட நாற்றுப்போல ஒற்றை அடுக்காய் நிற்கும். வால் நீளினுங் குறுகினும் ஒவ்வொன்றும் கொள்ளும் இடம் ஏறத்தாழ ஒன்றே. லாங்மியூர் 1932இல் நோபல் பரிசு பெற்றார். அவ்வாண்டே எழுபது வயதெய்திய அக்னசுக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் கிடைத்தது. 1935இல் அவர் மறைந்தார்.

கிளிநொச்சியில் என்னிடங் கற்ற மாணவி ஒருத்தி, நோயுற்ற தாயைப் பேணப் படிப்பை விட்டாள். அவள் வீடு சென்று ஒரு நூலேனும் கொடுத்தேனல்லேன். அக்னசின் தம்பி அனுப்பிய நூல்களை எண்ணுந்தோறும் அக்குறை என் நெஞ்சை உறுத்துகின்றது.