தேய்ந்த மண்ணின் விஞ்ஞானி: கார்வரும் நிலமற்ற உழவர்களும்

ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்ற பெயரோடு வேர்க்கடலை ஒட்டிக்கொண்டுவிட்டது. கடலையிலிருந்து 300 பொருள்களைச் செய்து காட்டிய கறுப்பின மேதை என்பதே அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் பல தலைமுறைகளாகக் கேட்டுவரும் கதை. அப்பொருள்களில் பெரும்பாலானவை சந்தைக்கு வரவேயில்லை. அவர் பெற்ற காப்புரிமைகள் மூன்றே. அவையும் ஒப்பனைப் பொருளுக்கும் வண்ணப்பூச்சுக்கும் உரியவை. தம் வாழ்நாளின் 47 ஆண்டுகளை அவர் செலவிட்ட களம் வேறு. பருத்தி சக்கையாக்கிய அலபாமா மண்ணை, கையில் காசில்லாத உழவர்கள் எவ்வாறு மீட்க முடியும் என்ற கேள்வியே அவரை அங்கே இருத்தி வைத்தது. அதற்கு அவர் கண்ட விடை எந்த அளவுக்குச் செல்லுபடியானது, எந்த இடத்தில் முட்டி நின்றது என்பதை நாம் அறிந்துகொள்வது அவசியம்.

மிசூரி மாநிலத்தில் டயமண்ட் என்னும் ஊரருகே, மோசஸ் கார்வர் என்பவரின் பண்ணையில் 1864ஆம் ஆண்டு வாக்கில் அவர் பிறந்தார். திட்டமான தேதி எவருக்கும் தெரியாது. அடிமையின் பிறப்பு அவ்வளவு கவனத்துக்கு உரியதாகக் கருதப்படவில்லை. தாய் மேரி அப்பண்ணையின் உடைமை. கைக்குழந்தையாய் இருந்தபோது கொள்ளையர் கூட்டம் ஒன்று தாயையும் சேயையும் கடத்திச் சென்றது. குழந்தை மட்டும், ஒரு பந்தயக் குதிரைக்கு ஈடாக மீட்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. தாய் திரும்பவேயில்லை. உடைமையாளரின் பெயரே அக்குழந்தையின் குடும்பப் பெயராயிற்று.

அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த பின்னும் உள்ளூர்ப் பள்ளி அவரைச் சேர்க்கவில்லை. கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளியைத் தேடி நியோஷோவுக்கும், பிறகு கான்சாஸ் மாநிலத்துக்கும் அலைந்தார். துணி துவைத்தும் சமையல் செய்தும் படித்தார். ஃபோர்ட் ஸ்காட் நகரில் 1879இல் ஒரு கறுப்பின மனிதரை வெள்ளையர் கும்பல் அடித்துக் கொன்றதைக் கண்ட சிறுவன் அந்த ஊரைவிட்டே வெளியேறினான். ஹைலாண்ட் கல்லூரி அஞ்சல் வழியாக அவருக்கு இடம் வழங்கியது. நேரில் சென்று நின்றபோது, நிறத்தைப் பார்த்து மறுத்தது. சான்றிதழைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டு ஆளைப் பார்த்து ஒதுக்கும் நிறுவனங்களை நம் மாணவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

பின்னர் மேற்குக் கான்சாஸின் வறண்ட சமவெளியில் புல்மண் கட்டிகளால் வீடு கட்டி, சில ஆண்டுகள் பயிர் செய்தார். அயோவா மாநிலத்தின் சிம்ப்சன் கல்லூரியில் 1890இல் ஓவியம் கற்கச் சேர்ந்தவரைத் தாவரவியலுக்குத் திருப்பியவர் அவருடைய ஓவிய ஆசிரியையே. அயோவா வேளாண் கல்லூரியின் முதல் கறுப்பின மாணவரும் முதல் கறுப்பின ஆசிரியரும் கார்வர்தான். பூஞ்சை நோய்களில் தேர்ந்து, 1896இல் முதுநிலைப் பட்டம் பெற்றார். அக்காலத்தில் அங்கிருந்த ஒரு பேராசிரியரின் சிறு மகன் ஹென்றி வாலஸ், செடி பார்க்கக் கார்வருடன் வயல்வெளிகளில் நடப்பது வழக்கம். இந்தச் சிறுவனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே ஆண்டு புக்கர் வாஷிங்டன் அழைப்பை ஏற்று, அலபாமாவின் டஸ்கீகி கல்வி நிறுவனத்துக்கு வந்தார். மாநில அரசு 1897இல் அங்கே ஓர் ஆய்வுப் பண்ணையை அனுமதித்தது. ஒதுக்கப்பட்ட நிலமோ மழைநீர் அறுத்த பள்ளங்கள் நிறைந்த தேய்ந்த நிலம். ஒரு வகையில் அது பொருத்தமே. சுற்றிலும் கறுப்பின உழவர்கள் பாடுபட்ட நிலமெல்லாம் அப்படித்தான் கிடந்தது.

மண் ஏன் அப்படியானது? ஆண்டுதோறும் பருத்தி, மீண்டும் பருத்தி. வரிசைகளுக்கிடையே களையெடுத்துத் திறந்து கிடக்கும் மண்ணைப் பெருமழை அடித்துச் செல்கிறது. முதலில் போவது மேல்மண். மட்கும் நுண்ணுயிர்களும் குடியிருப்பது அங்கேதான். மட்கு குறைந்தால் மண்துகள்கள் ஒட்டி நிற்பதில்லை. பெய்த நீர் உள்ளே இறங்காமல் ஓடுகிறது. ஓடும் நீர் மேலும் மண்ணை வாரிச் செல்கிறது. கடையில் விற்கும் உரத்தைப் போட்டால் ஓர் ஆண்டு பயிர் நிற்கும். ஆனால் அந்த உரம் கடனுக்கு வருவது.

கார்வரின் வழி கடைக்குப் போகாத வழி. காட்டின் இலைதழைகளையும் சதுப்பு நிலத்தின் கரிய சேற்றையும் தொழுவச் சாணத்தையும் சேர்த்து மட்கவைத்து வயலில் இட்டார். சரிவுகளில் வரப்பிட்டு நீரை நிறுத்தினார். பருத்திக்கு மாற்றாகத் தட்டைப்பயறு, கடலை, சர்க்கரைவள்ளி ஆகியவற்றைச் சுழற்சியில் வைத்தார். பயறு வகைகளின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உகந்த தழைச்சத்தாக மாற்றித் தருகிறது. தேய்ந்த மண்ணைத் தேற்றுவது பற்றி 1905இல் அவர் வெளியிட்ட அறிக்கை, நட்டத்தில் தொடங்கிய நிலம் சில ஆண்டுகளில் ஆதாயத்துக்கு வந்த கணக்கை எளிய நடையில் தருகிறது.

ஒரு நுணுக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மண்ணைத் தேற்றுவதில் கடலையைவிடத் தட்டைப்பயறே மேலானது. கடலையைச் செடியோடு பிடுங்கி எடுக்கும்போது சேர்ந்த சத்தின் பெரும்பகுதி வயலைவிட்டு வெளியேறுகிறது, நிலமும் வெறுமையாகிறது. தட்டைப்பயற்றை மடக்கி உழுதால் அது பசுந்தாள் உரமாகிறது. ஆழ உழ வேண்டும் என்று கார்வர் அறிவுறுத்தியதை இன்றைய பாதுகாப்பு வேளாண்மை ஏற்பதில்லை. மண்ணை இயன்றவரை கிளறாமை, மண்ணை எப்போதும் மூடிவைத்தல், பயிரை மாற்றுதல் என்ற மூன்றே அதன் அடிப்படை. பின்னிரண்டில் கார்வர் தம் காலத்துக்கு வெகுவாக முந்தியவர். கூட்டரசு மண்வளப் பாதுகாப்புத் துறையை அமைத்தது 1935இல்தான்; அதுவும் மேற்குச் சமவெளிகளின் புழுதிப் புயல் தலைநகரை எட்டிய பிறகு.

கல்லூரிக்கு வர முடியாத உழவரிடம் கல்லூரியே போகட்டும் என்று 1906இல் ஒரு வண்டி புறப்பட்டது. நன்கொடை அளித்த ஜெசப் என்பவரின் பெயரால் அது அழைக்கப்பட்டது. கலப்பை, விதை, பால் கடையும் கருவி முதலியவற்றை ஏற்றிக்கொண்டு அது ஊர் ஊராகச் சென்றது. எழுத்தறியாத மக்களுக்குக் கண்முன் செய்து காட்டுவதே பாடமுறை.

இனிதான் சிக்கல். வண்டியைச் சூழ்ந்து நின்றவர்களில் பெரும்பாலோர் வாரக்குடிகள். நிலம் வெள்ளைப் பண்ணையாருக்கு உரியது. விளைச்சலில் பாதி அவருக்கு. விதைக்கும் சோற்றுக்கும் கடைக்காரரிடம் வாங்கிய கடனுக்கு, விளையப்போகும் பருத்தியே அடமானம். பருத்தி மட்டுமே உடனே காசாகும் என்பதால் வேறு பயிர் வைக்கக் கடன் கொடுப்போர் விடுவதில்லை. ஒப்பந்தமோ ஓராண்டுக்கு, பெரும்பாலும் வாய்மொழி. மண்ணில் மட்கு ஏறச் சில ஆண்டுகள் பிடிக்கும். இந்த மார்கழியில் வெளியேற்றப்படக்கூடிய ஒருவர், மூன்றாண்டு கழித்துத் தேறப்போகும் பண்ணையாரின் மண்ணுக்காகச் சதுப்பிலிருந்து சேறு சுமக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வகையில் நியாயம்? தமக்கென நிலம் வைத்திருந்த சிறுபான்மைக் கறுப்பின உழவர்களுக்குக் கார்வரின் வழி உண்மையிலேயே உதவியது. மற்றவர்களுக்கு வீட்டுத் தோட்டத்தையும் சோற்றையும் ஓரளவு மேம்படுத்தியது, வயலை மாற்றவில்லை.

கார்வர் இதைப் பொதுவெளியில் பேசவில்லை. அரசியலிலிருந்தும் சங்கங்களிலிருந்தும் அவர் விலகியே நின்றார். டஸ்கீகி வெள்ளையரின் நன்கொடையிலும் பொறுமையிலும் நின்ற நிறுவனம் என்பதை மறந்து தீர்ப்பெழுத நாம் விரும்பவில்லை. ஆயினும் ஓர் ஒப்பீடு தவிர்க்க முடியாதது. அமெரிக்காவில் அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட மக்களுக்கு 1873இல் தம் குலாம்கிரி நூலைக் காணிக்கையாக்கிய ஜோதிராவ் பூலே, பத்தாண்டு கழித்து உழவர் துயர் பற்றி எழுதியபோது, அணைகட்டி மண்ணைக் காப்பதையும் அதிகாரிகள், வட்டிக்காரர்களின் சுரண்டலையும் ஒரே நூலில் வைத்துப் பேசினார். கார்வரின் அறிக்கைகளில் முதற்பாதி மட்டுமே உண்டு.

மறுபாதியை அண்டை மாவட்டத்தின் வாரக்குடிகள் பேசினர். டஸ்கீகியை ஒட்டிய டல்லபூசா மாவட்டத்தில் 1931இல் அவர்கள் சங்கம் கண்டனர். அவ்வாண்டே காவலரின் தாக்குதலில் அதன் முன்னோடி ரால்ஃப் கிரே கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு டிசம்பரில், கடனுக்கு ஈடாகக் கிளிஃபர்ட் ஜேம்ஸ் என்ற உழவரின் கால்நடைகளைக் கைப்பற்ற அதிகாரிகள் வந்தபோது துப்பாக்கிச் சூடு மூண்டது. அங்கே துணைநின்ற நெட் காப் பத்தாண்டுகளுக்கும் மேல் சிறையில் கழித்தார். கோவேறு கழுதை இல்லாமல் எந்த வயலை உழுவது?

நாம் நினைவில் வைத்திருந்த சிறுவன் இப்போது மீண்டும் வருகிறான். ஹென்றி வாலஸ் 1933இல் அமெரிக்க வேளாண் செயலாளரானார். விலையை ஏற்றுவதற்காகப் பருத்திப் பரப்பைக் குறைத்தால் இழப்பீடு என்று அவரது துறை அறிவித்தது. மண்ணுக்கு ஓய்வு என்ற அளவில் கார்வர் கேட்டதற்கு அது நெருங்கியதே. இழப்பீடு பண்ணையாரின் கைக்குப் போயிற்று. பயிரிடும் பரப்பு குறைந்ததும் வாரக்குடிகள் தேவையற்றவர்களாகி, ஆயிரக்கணக்கில் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்குக் காப்பு வேண்டும் என்று துறைக்குள்ளேயே வாதாடிய வழக்கறிஞர்கள் 1935இல் நீக்கப்பட்டனர். வாலஸ் அதற்கு இசைந்தார்.

அமெரிக்காவில் 1920இல் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின உழவர்கள் இருந்தனர்; அவர்களில் நாலில் மூன்று பங்கினர் குத்தகையாளரும் வாரக்குடிகளும். நூற்றாண்டின் முடிவுக்குள் அந்த எண்ணிக்கை சில பத்தாயிரங்களாகச் சுருங்கியது. கடன் வழங்குவதில் வேளாண் துறை காட்டிய பாகுபாட்டுக்கு எதிராக அவர்கள் தொடுத்த வழக்கு 1999இல் உடன்பாட்டில் முடிந்தது.

கார்வர் 1943 ஜனவரி 5 அன்று இறந்தார். மணம் செய்துகொள்ளாமல், எளிமையாக வாழ்ந்து சேர்த்த பணத்தை டஸ்கீகியில் ஆய்வுக்கென விட்டுச்சென்றார். அவ்வாண்டு ஜூலையில் அவர் பெயரால் தேசிய நினைவிடம் ஒன்றை நாடாளுமன்றம் அறிவித்தது. கறுப்பினத்தவர் ஒருவருக்காக அந்நாடு அமைத்த முதல் தேசிய நினைவிடம் அது. அதற்கெனத் தேர்ந்த 200 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம், அவர் தாயை உடைமையாக வைத்திருந்த மோசஸ் கார்வரின் பண்ணை. போர்க்காலத் தொழிற்சாலைகளில் வேலை தேடி, அலபாமாவின் வாரக்குடிகள் அப்போது வடக்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்தனர்.