ஜோசப் பிரான்சுவா டூப்ளே

ஜோசப் பிரான்சுவா டூப்ளே (ஜனவரி 1, 1697 - நவம்பர் 10, 1763) 1742 முதல் 1754 வரை புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநராக இருந்தவர். செஞ்சிக் கோட்டை இவரது ஆட்சிக் காலத்திலேயே பிரெஞ்சுக்காரர் வசமானது.

வாழ்க்கை

டூப்ளே வட பிரான்சிலுள்ள லாந்திரெசி என்னும் ஊரில் பிறந்தார். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பனியில் பணியேற்று, 1730களில் வங்காளத்தின் சந்திரநாகூரை நிருவகித்து வணிகத்தைப் பெருக்கினார். 1741 இல் ழான் என்பவரை மணந்தார். புதுச்சேரியில் பிறந்த ழான் தமிழ் அறிந்தவர்.

கம்பனியும் தொப்பி வணிகமும்

அக்காலத் தமிழர் ஐரோப்பியரைத் தொப்பிக்காரர் என அழைத்தனர். பிரெஞ்சு ஆடவர் அணிந்தது விளிம்பை மூன்று பக்கமும் மேலே மடித்த முக்கோணத் தொப்பியாகும். இதன் உயர்ந்த வகை பீவர் என்னும் நீர்வாழ் விலங்கின் மென்மயிரால் செய்யப்பட்டது. தொப்பி செய்வோர் மயிரைத் தோலிலிருந்து நீக்கி, ஈரமும் வெப்பமும் கொடுத்து அழுத்தித் தகடாக்கி, மர அச்சில் வடிவமைத்தனர். இத்தொழிலில் பாதரச உப்பு பயன்பட்டதால் தொப்பி செய்வோர் பலர் நடுக்க நோய்க்கு ஆளாயினர். கனடாவின் பீவர் தோல் வணிகத் தனியுரிமை டூப்ளே பணியாற்றிய அதே கம்பனியிடமே இருந்தது. இலாபமே கம்பனியின் நோக்கமாகும்.

செஞ்சி வெற்றி

டூப்ளேயின் நோக்கம் அரசியல் அதிகாரமாக இருந்தது. அவரது படைத்தலைவர் புசி 1750 செப்டம்பரில் செஞ்சியைக் கைப்பற்றினார். அதே ஆண்டு டிசம்பரில் செஞ்சியிலிருந்து சென்ற பிரெஞ்சுப் படை நாசர் ஜங்கின் முகாமைத் தாக்கியது. அப்போது நாசர் ஜங் தம் பக்கத்து நவாபு ஒருவராலேயே கொல்லப்பட்டார். முசாபர் ஜங் ஐதராபாத் நிசாமானார். புதுச்சேரியில் நடந்த விழாவில் டூப்ளே முகலாய உயர்குடியினரின் உடையில் தோன்றிப் பட்டங்களைப் பெற்றார். முகலாய அரசவை மரபில் பதவியின் அடையாளம் தொப்பியன்று. தலைப்பாகையும் அதன் அணிகலன்களுமே ஆகும்.

இறுதிக் காலம்

போர்ச் செலவும் தோல்விகளும் கம்பனியை அதிருப்திக்கு உள்ளாக்கின. 1754 இல் டூப்ளே திருப்பி அழைக்கப்பட்டார். போருக்குத் தாம் செலவிட்ட சொந்தப் பணத்தைக் கேட்டுக் கம்பனியுடன் வழக்காடிய அவர், வறுமையில் பாரிசில் இறந்தார். செஞ்சி 1761 இல் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது.

1870 இல் புதுச்சேரியில் டூப்ளேக்குச் சிலை நிறுவப்பட்டது. அதன் பீடத்துக்குச் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்ட பழங்கோயில் கற்கள் பயன்படுத்தப்பட்டன.